சேவலும் சக்கரவர்த்தியும்

கி.பி. 675-ஆம் ஆண்டில் ஜப்பானியச் சக்கரவர்த்தி தெம்மு ஒரு கட்டளை பிறப்பித்தார். மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இவற்றின் மாமிசத்தை வருஷத்தில் ஆறு மாத காலம் எவரும் உண்ணலாகாது! மாடும் குதிரையும் மனிதனுக்காக உழைப்பவை, சரி. கோழி என்ன செய்தது? பொழுது விடிந்ததென்று கூவி எழுப்புகிறதே, அதற்காகத்தான் என்று விளக்கம் சொல்கிறார்கள். சேவலுக்கு இத்தகைய ராஜ மரியாதை வேறெங்கே கிடைத்திருக்கும்?

மாமிசத்தின் மீதிருந்த வெறுப்பு பல நூற்றாண்டுகள் நீடித்தது. 1872-இல் மெய்ஜி சக்கரவர்த்தி தாமே மாட்டிறைச்சி உண்டு, பழைய கதவைத் திறந்து வைத்தார். ஆனால் ஏழையின் கிண்ணத்தில் எலும்புச் சாற்றை ஊற்றியவர்கள் சக்கரவர்த்திகள் அல்லர். பிழைக்க வந்த சீனர்கள். 1859-இல் யோகோஹாமா துறைமுகம் அயலாருக்குத் திறக்கப்பட்டதும் அங்கே சீனர்கள் குடியேறினார்கள். 1910-இல் ஒஸாகி கனிச்சி என்பவர் அங்கிருந்து சீனச் சமையற்காரர்களை அழைத்துவந்து, டோக்கியோவின் அசாகுஸாவில் 'ராய்ராய்கென்' என்ற உணவு விடுதியைத் தொடங்கினார். ராமென் என்ற நூடுல்ஸ் ஊரறிந்த பண்டமாயிற்று.

அதன் பிறகு நடந்ததுதான் விந்தை. 1937-இல் ஜப்பான் சீனாவின் மீது பெரும் படையெடுத்தது. 1945-இல் தோற்றது. அரிசி இல்லை, ஊரெங்கும் பசி. அமெரிக்காவிலிருந்து கோதுமை வந்தது. சீனத்திலிருந்து திரும்பியவர்களில் பலர் தள்ளுவண்டி போட்டு நூடுல்ஸ் விற்றார்கள். எந்த நாட்டை அழிக்கப் புறப்பட்டார்களோ, அந்த நாட்டார் கற்றுக் கொடுத்த உணவே அவர்களுடைய பசியை ஆற்றியது! 1958-இல் தைவானில் பிறந்த அந்தோ மொமொஃபுகு வெந்நீர் ஊற்றினால் போதுமென்ற உடனடி ராமெனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் சுவை என்ன தெரியுமா? கோழிதான்!

கோயில்கள் நிறைந்த கியோத்தோவில், வேலை பார்த்த கம்பெனி திவாலாகிவிட, கிமுரா ட்சுதோமு என்பவர் 1971-இல் கையிலிருந்த சொற்பப் பணத்தில் ஒரு தள்ளுவண்டி வாங்கினார். கோழி எலும்பையும் பல வகைக் காய்கறிகளையும் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்து, சுமார் நான்கு ஆண்டுகள் பாடுபட்டு ஒரு சாற்றைக் கண்டுபிடித்தார். இன்று அவருடைய 'தென்காய்ப்பின்' ஜப்பானெங்கும் கிளைகள் கொண்ட ஸ்தாபனம். 'வானத்தின் கீழ் முதல் தரம்' என்பது அந்தப் பெயரின் பொருள். அடக்கமான பெயர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்!

கியோத்தோ கடையில் நானும் ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டேன். சாறு என்று சொல்வதைவிடக் கூழ் என்பதே பொருந்தும். கரண்டியிலிருந்து சொட்டாமல் வழிகிறது. பக்கத்தில் இருந்தவர்கள் உறிஞ்சும் ஓசை கூடம் முழுவதும் கேட்டது. ஓசையின்றி உண்பவன்தான் அங்கே வேற்றாள்.

கடைசிச் சொட்டுவரை குடித்தால் கிண்ணத்தின் அடியில் எழுத்துக்கள் தெரிகின்றன: 'நாளையும் தங்களை எதிர்பார்க்கிறோம்.' உண்ணாதே என்றது அரசனின் ஆணை. நாளையும் வா என்கிறது கையில் காசில்லாமல் நின்ற ஒருவனின் கிண்ணம். ஜனங்கள் எதற்குச் செவிசாய்த்தார்கள் என்பதை, வாசலில் நிற்கும் வரிசையே சொல்லிவிடுகிறது.