வீடு வாங்குவோர் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டியது முன்பணம் கொடுப்பதற்கு முன்பே

2009ஆம் ஆண்டு செப்டம்பரில் பினாங்கு கெலுகோரில் இருந்த கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டது. பழைய தோட்டத் தொழிலாளர்களின் வாரிசுகளான தமிழ்க் குடும்பங்கள் மாடு வளர்த்து, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம் அது. அவர்கள் கையில் இருந்தது நிலப்பட்டா அல்ல. டிஓஎல் எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம். நிலம் மாநில அரசிடமிருந்து ஒரு கூட்டுறவுக் கழகத்துக்குக் கைமாறியது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் குடியிருப்பாளர்களால் இடத்தைத் தக்க வைத்துக்கொள்ள முடியவில்லை.

மலேசிய நிலச் சட்டம் ஒருவர் எத்தனை ஆண்டு அங்கே வாழ்ந்தார் என்று கேட்பதில்லை. நில அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் பார்க்கும். சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்து முதல் வீடு வாங்கும் குடும்பங்களுக்கும் இதே விதிதான். அந்தப் பெயரைச் சரிபார்ப்பதும், வாங்குபவர் பெயருக்கு அதை மாற்றித் தருவதும்தான் சொத்து வழக்கறிஞரின் வேலை. பலர் வீட்டைப் பார்த்து, முகவரிடம் 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கட்டி, தாளில் கையெழுத்துப் போட்ட பிறகே வழக்கறிஞரைத் தேடுகிறார்கள். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வருமா என்பதை முடிவு செய்வது அந்தத் தாள்தான். அதை வழக்கறிஞர் ஒருமுறை படித்த பிறகு கையெழுத்திடுவது நல்லது.

வழக்கறிஞர் எதைப் பார்க்கிறார்?

முதலில் நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் செய்வார். பினாங்கு நில, கனிமவள அலுவலகம் கொம்தாரில் இருக்கிறது. பட்டாவில் பதிவான உரிமையாளர் யார், சொத்து எந்த வங்கியில் அடமானத்தில் உள்ளது, யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா, நிரந்தர உரிமையா அல்லது குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதெல்லாம் அதில் தெரியும்.

பட்டாவில் 'செக்காத்தான் கெப்பெந்திஙான்' என்று ஒரு வரி உண்டு. விற்பனைக்கு உள்ள கட்டுப்பாடு அது. மலிவு விலை வீடுகளிலும் குத்தகை நிலங்களிலும் மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது என்று அங்கே எழுதியிருக்கலாம். ஒப்புதல் வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், ஒப்பந்தக் காலம் அது கிடைத்த நாளிலிருந்து தொடங்குவதாக எழுதச் சொல்ல வேண்டும்.

அடுக்குமாடி வீடு என்றால் தனி ஸ்ட்ராத்தா பட்டா வந்துவிட்டதா என்று கேட்க வேண்டும். வராவிட்டால் விற்பவரின் உரிமை மேம்பாட்டு நிறுவனத்தின் பதிவுகளைக் கொண்டே உறுதிசெய்யப்படும். பராமரிப்புக் கட்டணம், நில வரி, மாநகர் மன்ற மதிப்பீட்டு வரி ஆகியவற்றில் பாக்கி உண்டா என்பதும் கணக்கில் வர வேண்டும். விற்பவர் திவாலானவரா என்பதைத் தனியாகத் தேடிப் பார்ப்பார்கள்.

யாருடைய வழக்கறிஞர்?

புதிய வீடமைப்புத் திட்டங்களில் 'வழக்கறிஞர் கட்டணம் இலவசம்' என்ற விளம்பரம் சாதாரணம். அந்த வழக்கறிஞரை நியமித்தது மேம்பாட்டு நிறுவனம். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 84ஆவது பிரிவின்படி, வீடமைப்பு மேம்பாட்டாளருக்காகச் செயல்படுபவர் அதே விற்பனையில் வாங்குபவருக்காகவும் செயல்பட முடியாது. கட்டணம் இலவசமாக இருக்கலாம். ஆனால், வாங்குபவர் பக்கம் பேச அங்கே ஆள் இல்லை. புதிய வீட்டு ஒப்பந்தத்தின் வாசகம் சட்டத்தாலேயே வகுக்கப்பட்டது. தரை வீட்டுக்கு அட்டவணை ஜி, அடுக்குமாடிக்கு அட்டவணை எச். அதனால் ஓரளவு பாதுகாப்பு உண்டு.

கைமாறும் பழைய வீட்டுக்கு அப்படி வகுத்த வாசகம் கிடையாது. இரு தரப்புக்கும் ஒரே வழக்கறிஞர் எழுதித் தருவதும் நடக்கிறது. எல்லாம் சுமுகமாகப் போகும்வரை சிக்கல் தெரியாது. தகராறு வந்த அன்று அவர் யார் பக்கம் நிற்பார் என்பதே கேள்வி. பழைய வீடு வாங்குபவர் தனக்கென ஒருவரை வைத்துக்கொள்வதே பத்திரம். கடன் தரும் வங்கியின் பட்டியலிலும் அவர் நிறுவனம் இருந்தால் ஒப்பந்தத்தையும் கடன் பத்திரத்தையும் ஒரே அலுவலகத்தில் முடிக்கலாம்.

ஒருவர் தொழில் நடத்தும் சான்றிதழ் உள்ள வழக்கறிஞரா என்பதை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். குமாஸ்தாவிடம் மட்டும் பேசிவிட்டு வராமல் வழக்கறிஞரை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். புரியாத பத்தியைத் தமிழில் விளக்கச் சொல்வதில் கூச்சம் தேவையில்லை.

செலவு எவ்வளவு?

2023 ஜூலை 15 முதல் நடப்பில் உள்ள கட்டண ஆணையின்படி, முதல் 500,000 ரிங்கிட்டுக்கு வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு. 400,000 ரிங்கிட் வீட்டை 90 விழுக்காடு கடனில் வாங்கினால் கணக்கு இப்படி வரும்:

• விற்பனை ஒப்பந்தக் கட்டணம்: 5,000 ரிங்கிட்
• கடன் பத்திரக் கட்டணம்: 4,500 ரிங்கிட்
• இரண்டுக்கும் 8 விழுக்காடு சேவை வரி: 760 ரிங்கிட்
• பெயர் மாற்ற முத்திரை வரி: 7,000 ரிங்கிட்
• கடன் பத்திர முத்திரை வரி: 1,800 ரிங்கிட்

மொத்தம் 19,060 ரிங்கிட். தேடல், பதிவு போன்ற சில்லறைச் செலவுகள் தனி. இவை எல்லாவற்றையும் பிரித்து எழுதிய மதிப்பீட்டை முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்க வேண்டும்.

விலை 500,000 ரிங்கிட்டைத் தாண்டாத முதல் வீட்டுக்கு, 2021 முதல் மலேசியர்களுக்கு இரண்டு முத்திரை வரிகளிலும் விலக்கு உண்டு. மேலே உள்ள கணக்கில் 8,800 ரிங்கிட் மிச்சமாகும். இது காலவரம்பு உள்ள சலுகை; ஒப்பந்தத் தேதி அதற்குள் வருகிறதா என்று கேட்க வேண்டும். அப்பாவின் வீட்டில் வாரிசாக ஒரு பங்கு கிடைத்திருந்தாலும் 'முதல் வீடு' என்ற தகுதி போய்விடும். இதை வழக்கறிஞரிடம் மறைக்கக்கூடாது.

பணம் போகும் வழி

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, கொடுத்த முன்பணத்தையும் சேர்த்து 10 விழுக்காடு கட்டுவது வழக்கம். மீதி 90 விழுக்காட்டை மூன்று மாதத்தில் செலுத்த வேண்டும். வட்டியோடு இன்னும் ஒரு மாதம் தவணை கிடைக்கும். வழக்கறிஞரிடம் கொடுக்கும் பணம் நிறுவனத்தின் கட்சிக்காரர் கணக்குக்கே போக வேண்டும். தனி ஆளின் கணக்கு எண்ணைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தேவை.

பெயர் மாறும்வரை சொத்தை விற்பவர் வேறொருவருக்கு மாற்றிவிடாமல் தடுக்க, வாங்குபவர் சார்பில் கேவியட் பதிவு செய்யலாம். அதை எப்போது போடுவார் என்று வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். விற்பவரின் சொத்து ஆதாய வரிக்காகப் பொதுவாக விலையில் 3 விழுக்காடு பிடித்து வைக்கப்பட்டு, 60 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குச் செலுத்தப்படும். இதில் தவறினால் வாங்குபவரே பதில் சொல்ல நேரும்.

சாவி கிடைத்த பின்

சாவி கையில் வந்ததோடு வேலை முடிந்துவிடாது. படிவம் 14ஏ பதிவாகி, புதிய பெயர் ஏறிய பட்டாவின் நகல் கைக்கு வர வேண்டும். கடன் முடியும்வரை மூலப் பத்திரம் வங்கியில் இருக்கும். நில வரி, மதிப்பீட்டு வரி, தண்ணீர், மின்சாரக் கணக்குகளிலும் பெயரை மாற்ற வேண்டும்.

வழக்கறிஞரின் நடத்தையில் குறை இருந்தால் வழக்கறிஞர்கள் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யலாம். வீடு வாங்குவதில் சிக்கல் என்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் நாடலாம்.

கையெழுத்திடும் முன் குடும்பத்துக்குள் பேசி முடிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெற்றோரின் சேமிப்பில் முன்பணம் கட்டி, கடன் கிடைக்க வசதியாக மகன் பெயரில் மட்டும் வீடு வாங்குவது நம்மிடையே வழக்கம். பணம் போட்ட பெற்றோரின் பெயர் பட்டாவில் இல்லையென்றால், நாளை குடும்பத்தில் பிரச்சினை வரும்போது அவர்கள் பங்கை நிரூபிப்பது கடினம். யார் யார் பெயர், ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு என்பதை வழக்கறிஞர் முன்னிலையில் முடிவு செய்து பட்டாவில் எழுதிவிட்டால், பின்னாளில் பிள்ளைகள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிராது.