எல்வா ஆற்றின் மீட்சி

அணைகள் எழுந்த வரலாறுகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். ஆற்றின் குறுக்கே கல்லையும் காரையையும் அடுக்கி, வெள்ளத்தைத் தேக்கி, வயலுக்கும் ஆலைக்கும் அதனை ஏவல் கொண்ட மனிதனின் அறிவாற்றலைப் போற்றாத ஏடுகள் இல்லை. ஆயின், தான் எழுப்பிய அணையைத் தன் கையாலேயே அகற்ற முன்வந்த மனிதனின் வரலாறு அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்குக் கோடியில், வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் எல்வா என்னும் ஆற்றின் கதை அத்தகையது. நாம் அறிந்து சிந்திக்கத் தக்கது.

பிறந்த ஆற்றை மறவாத மீன்

எல்வாவின் நீளம் ஏறத்தாழ 72 கிலோமீட்டர். ஒலிம்பிக் மலைத்தொடரின் பனிமுடிகளில் பிறந்து, வடக்கு நோக்கி ஓடி, ஹுவான் டி ஃபூகா நீரிணையில் அது கலக்கிறது. நீளத்தில் சிறியதாயினும் மீன்வளத்தில் அது பேராறாக விளங்கியது. அமெரிக்கப் பசிபிக் கரைக்குரிய 5 வகைச் சால்மன் மீன்களும் அதில் ஏறி வந்தன.

கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறி வந்த உல்லம் மீனைப் பற்றிக் கேள்வியுற்றோர்க்குச் சால்மனின் இயல்பு எளிதில் விளங்கும். ஆற்றின் கூழாங்கற்களிடையே அது பிறக்கிறது. கடலுக்குச் சென்று சில ஆண்டுகள் வளர்கிறது. முட்டையிடும் பருவம் வந்ததும், தான் பிறந்த ஆற்று நீரை மணத்தால் இனங்கண்டு, ஓட்டத்தை எதிர்த்து ஏறி வருகிறது. முட்டையிட்ட பின் அங்கேயே மடிகிறது. அதன் உடல் கரடிக்கும் பறவைக்கும் உணவாகி, கரையோர மரங்களுக்கும் உரமாகிறது. மழைநீர் மலையின் வளத்தைக் கடலுக்குக் கொண்டு செல்கிறதென்றால், இந்த மீன் கடலின் வளத்தை மலைக்குக் கொண்டு சேர்க்கிறது.

இந்த மீனை நம்பியே அங்கு வாழ்ந்தனர் கிளாலம் என்னும் பூர்வகுடியினர். 1855-ஆம் ஆண்டு அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையில் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை அவர்கள் இழந்தனர். ஆனால் வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மீனே இல்லாத ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமை எதற்கு உதவும்? பின்னர் நேர்ந்தது அதுதான்.

ஏட்டில் உறங்கிய சட்டம்

ஆற்றில் அணை கட்டுவோர் மீன் ஏறிச் செல்ல வழி விட வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலம் 1890-இலேயே சட்டம் இயற்றியிருந்தது. ஆயினும் 1910-இல் தாமஸ் ஆல்ட்வெல் என்பவரின் முயற்சியால் தொடங்கப்பெற்ற எல்வா அணையில் மீன்வழி அமைக்கப்படவில்லை. கடலிலிருந்து 8 கிலோமீட்டர் தொலைவில், 33 மீட்டர் உயரத்தில் அது எழுந்தது. அணையின் அடியில் மீன்கள் ஆயிரக்கணக்கில் தேங்கி நிற்பதையும், மேலே ஒன்றையேனும் காணக் கூடவில்லை என்பதையும் காவல் அலுவலர் ஒருவர் 1911-இலேயே மேலிடத்துக்கு அறிவித்தார். 1912-இல் அணையின் அடித்தளம் பெயர்ந்து, வெள்ளம் தாழ்நிலத்துக் கிளாலம் குடியிருப்புகளுள் பாய்ந்தது. அதன் பின்னும் உடைப்பை அடைத்து 1913-இல் அணையை முடித்தனர்.

மீன்வழிக்கு ஈடாக ஒரு குஞ்சு பொரிப்பகம் அமைத்தால் போதும் என்று மாநில அதிகாரிகள் இணங்கினர். சட்டமும் அதற்கேற்ப வளைந்தது. அந்தப் பொரிப்பகமோ சில ஆண்டுகளே இயங்கி 1922-இல் கைவிடப்பட்டது. ஈடாகத் தந்தது போயிற்று, அணை நின்றது. 1927-இல் மேலும் உள்ளே, 64 மீட்டர் உயரத்தில், கிளைன்ஸ் கேன்யன் என்னும் இரண்டாம் அணையும் எழுந்தது.

இவ்விரண்டும் நகருக்கும் ஆலைகளுக்கும் மின்சாரம் தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 110 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆற்றுவழியும் கிளையோடைகளும் மீனுக்கு அடைபட்டன. அணைகளுக்கு முன் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 இலட்சம் மீன்கள் ஏறி வந்திருக்கும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. அது சில ஆயிரங்களாகச் சுருங்கியது. கிளாலம் மக்கள் தங்கள் இனத்தின் தோற்றத்தோடு தொடர்புபடுத்திப் போற்றிய பாறையும் தேக்க நீருள் மூழ்கியது.

உரிமைக் குரல்

1974-இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, வாஷிங்டன் மாநிலப் பூர்வகுடியினரின் உடன்படிக்கை உரிமைகள் உயிருள்ளவை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தெம்போடு, அணைகளின் உரிமம் பரிசீலனைக்கு வந்தபோது, கிளாலம் மக்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தனர். இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் 1980-களில் அவர்களோடு இணைந்தன. மேலணை தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருந்தது அவர்கள் வழக்குக்கு வலுவூட்டியது. முடிவில், 1992-இல் அமெரிக்கக் காங்கிரஸ் எல்வா ஆற்றின் மீட்சிக்கெனத் தனிச் சட்டம் நிறைவேற்றியது. இரு அணைகளையும் அகற்றினாலன்றி ஆறு முழுமையாக மீளாது என்று அதன்பின் நடந்த ஆய்வு முடிவு கூறியது.

இடிப்பதற்கு முன் இருபது ஆண்டுகள்

சட்டம் பிறந்ததும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள் என்று வாசகர் எண்ணிவிடலாகாது. முதல் அணையைக் கட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் போதுமாயிருந்தன. அதை அகற்ற ஆயத்தம் செய்வதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. இரு அணைகளையும் 2000-ஆம் ஆண்டில்தான் அரசு 2.95 கோடி டாலருக்கு விலைகொடுத்து வாங்கியது.

பெரும் சிக்கல் வண்டலே. இரு தேக்கங்களின் அடியிலும் சுமார் 2.1 கோடி கனமீட்டர் மண்ணும் மணலும் படிந்திருந்தன. அனைத்தையும் ஒரே நாளில் அவிழ்த்துவிட்டால், காக்க எண்ணிய மீன்களே சேற்றில் மூச்சடைத்து மாயும். ஆகவே அணையை மேலிருந்து சிறிது சிறிதாகக் குறைத்து, ஆறே வண்டலை அரித்துச் செல்ல விடுவது என்று முடிவாயிற்று. மீன் இடம்பெயரும் பருவங்களில் வேலையை நிறுத்தி வைப்பதும் திட்டத்தின் விதி. போர்ட் ஏஞ்சலஸ் நகரின் குடிநீர் கலங்காதிருக்கப் புதிய சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. தாழ்நிலக் குடியிருப்புகளைக் காக்கும் கரைகள் உயர்த்தப்பட்டன. எஞ்சிய மீனினம் அற்றுப்போகாதிருக்கப் பொரிப்பகம் ஆயத்தமாயிற்று. நீர் வடிந்து வெளிப்படும் நிலத்தில் நடுவதற்கு அம்மண்ணுக்குரிய செடிகளின் விதைகளையும் சேகரித்தனர். முழுத் திட்டத்திற்கும் ஆன செலவு ஏறத்தாழ 32.5 கோடி டாலர்.

2011 செப்டம்பரில் வேலை தொடங்கியது. 2012-இல் கீழணை மறைந்தது. அவ்வாண்டே சினூக் வகைச் சால்மன்கள் அவ்விடத்தைக் கடந்து மேலேறின. நூறாண்டுக்காலம் நீருள் கிடந்த அந்தப் பாறையும் வெளிப்பட்டது. ஆனால் இத்தனை முன்னேற்பாடுகளுக்குப் பின்னரும் பிழை நேர்ந்தது. குப்பையும் இலையும் வண்டலும் நீர் எடுக்கும் அமைப்பை அடைத்துக்கொள்ள, 2012 இறுதி முதல் ஏறத்தாழ ஓராண்டு மேலணையின் வேலை நின்றது. 2014 ஆகஸ்டில் அதன் கடைசிப் பகுதியும் வீழ்ந்தது. அப்போதும் பள்ளத்தாக்கில் உருண்டு கிடந்த பாறைகள் மீனை மறித்தன. பின்னர் அவற்றையும் உடைத்து வழி செய்ய வேண்டியிருந்தது.

மீண்டது எவ்வளவு?

ஆறு சுமந்து சென்ற மணலால் கழிமுகத்தில் புதிய கடற்கரை உருவாயிற்று. ஆனால் மீன்வளம் முற்றும் திரும்பிவிட்டது என்று சொல்வது உண்மையாகாது. சினூக்கின் மீட்சி மெதுவாகவே நிகழ்கிறது. திரும்பி வருபவற்றுள் பெரும்பாலானவை பொரிப்பகத்தில் பிறந்தவையே. எனினும் ஒரு செய்தி ஆய்வாளரையே வியப்பில் ஆழ்த்தியது. அணைகளுக்கு மேலே சிறைப்பட்டுப் பல தலைமுறை கடலையே காணாத ட்ரௌட் மீன்கள் அங்கு உயிர் பிழைத்திருந்தன. வழி திறந்ததும் அவற்றின் வழித்தோன்றல்கள் கடலுக்குச் சென்று, ஸ்டீல்ஹெட் எனப்படும் பெருமீன்களாக வளர்ந்து, கோடையில் ஆற்றுக்குத் திரும்பின.

2011 முதல் எல்வாவில் மீன்பிடிப்பு அறவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கிளாலம் மக்களும் தங்கள் உடன்படிக்கை உரிமையைப் பயன்படுத்தாமல் பொறுத்திருந்தனர். 2023-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், கோஹோ வகைச் சால்மனை அளவோடு பிடிக்க அவர்களுக்கு வழி பிறந்தது. தம் ஆற்றில் தம் மீனை மீண்டும் பிடிப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் தாமே நோன்பிருந்தவர்கள் அவர்கள்.

எல்லா அணையையும் இடிக்க வேண்டும் என்பது இவ்வரலாற்றின் பாடமன்று. குடிநீரும் பாசனமும் தரும் அணைகளை நம்பிக் கோடிக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் ஆறு, அதைத் தேக்குபவனுக்கு மட்டும் உரியதன்று. கீழே வாழும் குடிக்கும் மேலே ஏறும் உயிருக்கும் உரிய பங்கு அதில் அமானிதமாக இருக்கிறது. மீனுக்கு வழி விடு என்ற ஒரு சிறு விதியை 1910-இல் பொருட்படுத்தாமல் விட்டதற்கு, ஒரு நூற்றாண்டு கழித்துப் பேரன்மார் கோடிகளைக் கொட்டிக் கடன் தீர்க்க வேண்டியதாயிற்று. இன்று ஓடையொன்றின் குறுக்கே புதிதாகச் சுவர் எழுப்பத் திட்டமிடுவோர், எல்வாவின் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.