காலிப் பட்டியலைச் சுற்றிவருதல்: ஒரு சிறு வரலாறு

காலிப் பட்டியலை எத்தனை முறை சுற்றிவர வேண்டும்? ஒரு முறையும் வேண்டா என்றே இன்று எவரும் விடையளிப்பர். நிரல்மொழிகள் அவ்விடையை எளிதில் எட்டிவிடவில்லை. 1966ஆம் ஆண்டின் ஃபோர்ட்ரான் தரத்தில், ‘டூ’ மடக்கின் தொடக்க மதிப்பு இறுதி மதிப்பை விஞ்சலாகாது. விஞ்சினால் நிகழ்வது யாதென வரையறுக்கப்படவில்லை. பல கம்பைலர்கள் நிபந்தனையை மடக்கின் இறுதியில் சோதித்தமையால், எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாதபோதும் மடக்கு ஒருமுறை இயங்கிவிடும். இல்லாத தரவும் கணக்கில் ஏறும். ஒருமுறையும் சுழலாத மடக்கை முறைப்படுத்தியது ஃபோர்ட்ரான் 77.

1970களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பார்பரா லிஸ்கோவும் அவர்தம் குழுவினரும் வடித்த ‘குளூ’ மொழி, சுற்றிவரும் பொறுப்பைத் தரவு வகையிடமே ஒப்படைத்தது. அதன் இட்டரேட்டர் உறுப்புகளை ஒவ்வொன்றாக வழங்கும். வழங்க ஒன்றுமில்லையேல் ஓசையின்றி முடியும். காலியா என்று முன்கூட்டிக் கேட்கும் தேவை அற்றுப்போயிற்று.

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் இவ்வெறுமைக்கே ஒரு பொருளுருவம் கிடைத்தது. காமா, ஹெல்ம், ஜான்சன், விளிசைட்ஸ் நால்வரும் 1994இல் வெளியிட்ட ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூல் அதை ‘நல் இட்டரேட்டர்’ என்கிறது: முதற்கேள்விக்கே ‘முடிந்தது’ என்னும் பொருள். மரவடிவத் தரவில் இதன் பயன் பெரிது. மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர் எனக் கிளைக்கும் மரமொன்றில் மாதேஸ்வரன் மலையை இலைக்கணுவாகக் கொள்வோம். (1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் பிரிந்தபோது இக்கணுவுக்கு மேலுள்ள மாவட்டக்கணு மாறியது, இலை இலையாகவே இருந்தது.) அதன் கிளைகளைக் கேட்கும்போது ‘நல்’ வருமாயின் ஒவ்வோரிடத்தும் ஒரு சோதனை வரி எழுத வேண்டும், ஒன்று விடுபட்டாலும் நிரல் முறியும். 1965இல் அல்கால் டபிள்யூ மொழியில் இந்த ‘நல்’லைப் புகுத்திய டோனி ஹோர், 2009இல் அதைத் தம் நூறு கோடி டாலர் பிழை என்றார். காலி இட்டரேட்டர் வருமாயின், மலைக்கும் மாவட்டத்துக்கும் ஒரே நிரல் போதும்.

ஜாவா இக்கருத்தைத் தவணை முறையிலேயே ஏற்றது எனலாம். 1998 டிசம்பரில் வந்த 1.2 பதிப்பிலேயே இட்டரேட்டர் இடைமுகமும் மாற்றவியலாக் காலிப் பட்டியலும் இருந்தன. காலி இட்டரேட்டரை நேரே தரும் செயற்கூறோ 2011இல், ஜாவா 7இல்தான் வந்தது. ‘அடுத்தது உண்டா’ என்றால் அது என்றும் ‘இல்லை’ என்னும். மீறிக் கேட்டால் விதிவிலக்கை எறியும். எத்தனை முறை அழைத்தாலும் ஒரே பொருளைத் தரவும் ஆவணம் இசைவளிக்கிறது. நினைவில் வைக்க நிலையேதும் இல்லாத பொருளுக்குப் பல படிகள் தேவையில்லை.