கேட்காமல் வந்த தட்டு
2006 நவம்பரில் ஸோனி கம்பெனியார் பிளேஸ்டேஷன் 3 என்னும் விளையாட்டுப் பெட்டியைக் கடைக்கு அனுப்பியபோது, அமெரிக்க ஜனங்கள் விலையைக் கேட்டு மலைத்துப் போனார்கள். 499 டாலர், பெரிய பெட்டி 599! விளையாடக் கேட்டால், துல்லியமாகச் சினிமா காட்டும் புளூ-ரே தட்டையும் சேர்த்துத் தலையில் கட்டுவானேன் என்று முணுமுணுத்தார்கள். வாஸ்தவந்தானே? மைக்ரோஸாப்டோ, எதிர்க்கட்சியான எச்.டி. டிவிடிக்குரிய கருவியை 199 டாலருக்குத் தனியே விற்றது; வேண்டுமானால் எக்ஸ்பாக்ஸ் 360-உடன் இணைத்துக்கொள்ளலாம். எனக்கென்னவோ அதுவே நியாயமாகப் படுகிறது. ஆனால் பெரும்பாலோர் அதை வாங்கவில்லை. விளையாட்டுப் பிள்ளைகள் வீட்டிலெல்லாம் புளூ-ரே கேட்காமலே குடியேறிவிட்டது. 2008 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸும் அந்தப் பக்கமே சாய்ந்தது. பிப்ரவரி 19-ந் தேதி டோஷிபா எச்.டி. டிவிடியைக் கைவிட்டது. அதை நம்பி முந்திக்கொண்டு வாங்கியவர்கள்தான் பாவம்! கருவி நன்றாகத்தான் ஓடிற்று. போட்டுப் பார்க்கப் புதுப் படம் வருவது நின்றுபோயிற்று.