ஊரை விட்டுப் போகாத டாக்டர்

தமிழில் மருத்துவம் படிக்க முடியுமா, முடியாதா? இந்தச் சண்டை வருஷத்துக்கு ஒருமுறையாவது நம் டைம்லைனில் வந்து போகும். சண்டை சூடாகும்போது யாராவது ஒருவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் பெயரைக் கொண்டுவந்து போடுவார். "நூத்தைம்பது வருஷத்துக்கு முன்னாடியே யாழ்ப்பாணத்துல தமிழ்ல டாக்டருக்குப் படிச்சாங்க, தெரியுமா?" அதோடு பேச்சு முடிந்துவிடும். லைக் விழும், எல்லோரும் கலைந்து போவார்கள்.

தகவல் சரிதான். ஆனால் அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அமெரிக்காவில் பிறந்து, ஆங்கிலத்தில் மருத்துவம் படித்து, ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தத் தொடங்கிய ஒருவர் ஏன் பாதி வழியில் தமிழுக்கு மாறினார்? இதற்குத் தமிழ்ப்பற்று என்று பதில் சொல்லிவிடலாம். அவருக்குத் தமிழ் மேல் பிரியம் இருந்தது உண்மை. ஆனால் அவரை மாற வைத்தது வேறு ஒரு கணக்கு. படித்து முடித்த டாக்டர் எங்கே போய் உட்காருகிறார் என்ற கணக்கு.

கிறீன் 1822இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டரில் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் பின்னாளில் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். தம்பி அந்த நகரத்தை விட்டு, அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டை, பிறகு மானிப்பாய். அவருக்கு முன்பே பண்டத்தரிப்பில் ஜான் ஸ்கடர் வைத்தியம் பார்த்திருக்கிறார். அந்த ஸ்கடரின் பேத்தி ஐடாதான் பிற்காலத்தில் வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கினார்.

வந்த அடுத்த வருஷமே, 1848இல், கிறீன் சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வகுப்பு ஆரம்பித்துவிட்டார். வேறு வழியும் இல்லை. காலராவும் அம்மையும் திரும்பத் திரும்ப வரும் தீபகற்பத்தில் ஒற்றை ஆள் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? 1850இல் யாழ்ப்பாண நகரத்தில் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியில் ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வேர் அதுதான். அந்த மருத்துவமனைக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

முதல் கட்டத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. மாணவர்கள் கெட்டிக்காரர்கள். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் நன்றாகச் சொல்லிக் கொடுத்து ஒரு தலைமுறையையே உருவாக்கி வைத்திருந்தது. சிக்கலும் அங்கேயே இருந்தது. நல்ல ஆங்கிலம் தெரிந்த பையனுக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. சம்பளம் அதிகம், மரியாதை அதிகம். அவன் ஏன் மானிப்பாய்க்குப் பக்கத்துக் கிராமத்தில் உட்கார்ந்து கட்டிக்கு மருந்து வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? மிஷன் தலைமைக்கும் இதே கவலைதான். படித்தவர்கள் தேவாலயப் பணிக்கு வராமல் கச்சேரி வேலைக்குப் போகிறார்கள் என்பது, 1855இல் அந்தச் செமினரியையே மூடியதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இங்கேதான் கிறீனின் யோசனை எனக்குச் சுவாரசியமாகிறது. பிரச்சினையை அவர் மாணவர்களின் மனசாட்சியில் தேடவில்லை. 'சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது' என்று நம் பட்டமளிப்பு விழாக்களில் பேசுகிறார்களே, அந்த மாதிரிப் பிரசங்கத்தால் தீரும் விஷயமாக அதைப் பார்க்கவில்லை. பாடத்திட்டமே ஒரு ரயில் தண்டவாளம். ஆங்கிலத்தில் போட்டால் அது நகரத்துக்குத்தான் போகும். கிராமத்தில் தங்கும் வைத்தியர் வேண்டுமென்றால் கிராமத்தின் மொழியில் அவரை உருவாக்க வேண்டும். நோயாளியிடம் அவர் பேசும் பேச்சும், அவர் படிக்கும் புத்தகமும், பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் சொல்லும் சுகாதாரப் புத்திமதியும் ஒரே மொழியில் இருக்க வேண்டும். விடுமுறைக்காக அமெரிக்கா போய் 1862இல் திரும்பி வந்த கிறீன், 1864இல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார்.

மாற்றுவது என்றால் சும்மா இல்லை. புத்தகம் வேண்டுமே! அதற்கான வேலையை அவர் முன்பே ஆரம்பித்திருந்தார். உடற்கூறு, உடலியங்கியல், சுகாதாரம் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் கால்வின் கட்டரின் நூல் 1850களிலேயே தமிழில் வந்துவிட்டது. மான்செலின் மகப்பேறு நூல் 1857இல் 'பிரசவ வைத்தியம்' ஆனது. ட்ரூயிட்டின் அறுவை சிகிச்சை நூல் 1867இல் 'இரண வைத்தியம்' என்று வந்தது. 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்'. இது வேறொன்றுமில்லை, கிரேயின் அனாட்டமி! லண்டனில் 1858இல் முதல் பதிப்பு வந்த புத்தகம் பதினான்கே வருஷத்தில் தமிழ் பேசியது. அதே வருஷம் ஹூப்பரின் பொதுமருத்துவ நூல் 'வைத்தியாகரம்'. 1875இல் வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்'. 1883இல் டால்டனின் உடலியங்கியல், 'மனுஷ சுகரணம்'. எல்லாம் சேர்த்து 4,000 பக்கங்களுக்கு மேல் வரும்.

கடைசி இரண்டு வருஷங்களைக் கவனியுங்கள். கிறீன் 1873இலேயே உடல்நலம் கெட்டு அமெரிக்கா திரும்பிவிட்டார். பிறகும் வேலை நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மொழிபெயர்ப்பு நடந்தது, வூஸ்டரில் இருந்தபடி அவர் திருத்தினார். கைப்பிரதிகள் கப்பலில் கடல் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தன.

கலைச்சொல்லுக்கு அவர் வைத்திருந்த வரிசை எளிமையானது. முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடு. அங்கேயும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில், தமிழ் வாய்க்கு ஏற்றபடி எழுது. 'கெமிஸ்தம்' அப்படி வந்ததுதான். கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் 'அங்காதிபாதம்' என்ற சொல்லைப் பாருங்கள். இறைவனைத் தலைமுடியிலிருந்து பாதம்வரை பாடும் கேசாதிபாதம் நமக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து நாட்டு வைத்திய மரபிலும் அங்காதிபாதம் என்ற சொல் உண்டு. ஊர்ப் பரியாரி புழங்கிய சொல்லை எடுத்துத்தான் கிரேயின் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்திருக்கிறார்கள். 'இரணம்' என்றால் புண் என்று எந்தப் பாட்டிக்கும் தெரியும். தூய்மை இந்தச் சொற்களின் இலக்கு இல்லை. நோயாளிக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மொழிபெயர்ப்புகளைக் கிறீன் ஒற்றை ஆளாகச் செய்யவில்லை. செய்தவர்களில் பலர் அவரிடம் படித்தவர்கள்: டான்வர்த், சாப்மன், பவுல், எவாட்ஸ். பெயர்களைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷன் பள்ளியில் ஒரு மாணவனின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயரை அவனுக்கே வைப்பது அன்றைய வழக்கம். இதில் ஒரு முரண் இருக்கிறது. தன் மாணவர்கள் கோட்டும் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு அரைகுறை ஐரோப்பியர்களாக ஆவது கிறீனுக்குப் பிடிக்காது. ஊர் உடையிலேயே இருங்கள் என்பார். உடை ஊருடையது, பாடம் தமிழ், பெயர் மட்டும் நியூ இங்கிலாந்தின் ஏதோ ஒரு கொடையாளியுடையது. 'தமிழில் மருத்துவம்' என்று நாம் கிறீனைக் கொண்டாடும்போது, ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் தமிழில் யோசித்த இந்த நான்கைந்து பேர் அந்நியப் பெயர்களுக்குப் பின்னால் மறைந்துபோகிறார்கள்.

கிறீனைப் புனிதராக்கவும் தேவையில்லை. அவர் மதம் பரப்ப வந்தவர், அதை ஒளித்ததும் இல்லை. 'தமிழர்களுக்கான மருத்துவ நற்செய்தியாளர்' என்ற பொருளில் தன் கல்லறையில் எழுதச் சொன்னவர், அப்படியே எழுதியிருக்கிறார்கள். அவரிடம் படித்து வெளியே வந்தவர்கள் அறுபதுக்கு மேல். எல்லோரும் ஆண்கள். பிரசவ வைத்தியம் தமிழில் வந்துவிட்டது, ஆனால் பிரசவ அறைக்குள் அந்தப் புத்தகத்தோடு போகக்கூடிய பெண் ஒருத்தியும் அந்த வகுப்பில் இல்லை. ஆண் வைத்தியரிடம் காட்டத் தயங்கிய பெண்களுக்கு, மொழி எவ்வளவு நெருங்கி வந்தாலும் வைத்தியம் தூரத்தில்தான் இருந்தது. இணுவிலில் பெண்களுக்கான மக்லியோட் மருத்துவமனை வந்தது 1898இல். கிறீன் இறந்து அப்போது பதினான்கு வருஷம் ஆகிவிட்டது.

சரி, இந்தத் தமிழ் வகுப்பு ஏன் நிலைக்கவில்லை? தமிழால் முடியாமல் போனதால் அல்ல. 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி திறந்தது, ஆங்கிலத்தில். அதற்குப் பின்னணியாக இருந்ததும் வடக்கின் ஒரு பொதுச் சுகாதார அறிக்கைதான்: வன்னியில் ஊர்கள் ஏன் ஆளில்லாமல் போகின்றன என்று ஆராய்ந்த டாக்டர் ஜேம்ஸ் லூஸ், பரங்கி நோயையும் வறுமையையும் எடுத்துச் சொல்லி, உள்ளூர்க்காரர்களுக்கு மருத்துவப் பயிற்சி வேண்டும் என்றார். நோய் வன்னியில். பள்ளி கொழும்பில். அரசாங்கச் சான்றிதழும் வேலையும் அங்கே இருக்கும்போது மானிப்பாய் வகுப்பு எவ்வளவு நாள் தாங்கும்? கிறீன் போன சில வருஷங்களில் அது நின்றுபோனது.

2022 அக்டோபரில் மத்தியப் பிரதேச அரசு எம்.பி.பி.எஸ். முதலாண்டுப் பாடப்புத்தகங்களை இந்தியில் வெளியிட்டபோது, இங்கேயும் தமிழில் எப்போது என்று கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் மொழியை மட்டும் மாற்றி, தேர்வையும் வேலையையும் பதவி உயர்வையும் பழைய தண்டவாளத்திலேயே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மானிப்பாய் ஒரு பதில் வைத்திருக்கிறது. புத்தகம் தயாராக இருந்தது, கலைச்சொல் தயாராக இருந்தது, படித்துக் காட்டியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஊரில் ஒரு நிரந்தர இடத்தையும் சம்பளத்தையும் தருவதற்குத்தான் அரசாங்கம் என்று ஒன்று வரவில்லை.

மானிப்பாயில் கிறீன் பெயரில் மருத்துவமனை இன்றும் இருக்கிறது. ஈழத்துக் கவிஞர் அம்பி அவரைப் பற்றித் தேடித் தேடி எழுதியிராவிட்டால் நமக்கு இந்தக் கதையில் பாதி தெரிந்திருக்காது. அடுத்த தடவை டைம்லைனில் அந்தச் சண்டை வரும்போது 'மனுஷ அங்காதிபாதம்' அட்டையைப் போடுங்கள், நல்லது. கூடவே டான்வர்த்தின் பெயரையும் போடுங்கள். அந்தப் புத்தகத்தைப் படித்தவருக்கு எந்த ஊரில் வேலை போட்டுக் கொடுப்போம் என்றும் ஒரு வரி கேளுங்கள்.