திரையோரத்து ஐகான் வரிசை

1988 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் சான்ஃபிரான்சிஸ்கோவில் அறிமுகம் செய்த நெக்ஸ்ட் கணினியின் திரையில் கறுப்பு, வெள்ளை, நடுவே இரண்டு சாம்பல் நிறங்கள் மட்டுமே உண்டு. அதன் நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளத்தில் வலது ஓரமாக, மேலிருந்து கீழே, 64 பிக்சல் அகலமுள்ள சதுரங்கள் அடுக்கியிருக்கும். அடிக்கடி வேண்டிய செயலிகளை அங்கே இழுத்து வைத்துக்கொள்ளலாம். டாக் என்று பெயர். ஓடாத செயலியின் ஐகானுக்கு அடியில் மட்டும் மூன்று புள்ளிகள் தெரியும்.

திரையோரத்தில் ஐகான்களை வரிசைப்படுத்தியதில் இது முதல் அல்ல. கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1987இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆர்க்கிமிடீஸ் கணினியில் திரையின் அடியிலேயே ஐகான் பட்டை இருந்தது. ஆனாலும் உலகம் சுற்றியது நெக்ஸ்ட்டின் டாக்தான். 1996 டிசம்பரில் நெக்ஸ்ட்டை வாங்குவதாக ஆப்பிள் அறிவித்தது. 2001 மார்ச்சில் மேக் ஓஎஸ் டென் வந்தபோது டாக் வலப்பக்கத்திலிருந்து திரையின் அடிக்கு இறங்கி, வண்ணம் பூசிக்கொண்டது. அடையாளக் குறியும் தலைகீழானது: ஓடும் செயலிக்குக் கீழே சின்ன முக்கோணம். மவுஸ் அருகில் வந்தால் ஐகான் ஊதிப் பெருக்கும் வித்தைக்கு 2008இல் காப்புரிமையும் கிடைத்தது. பார்க்க அழகு, ஆனால் நாம் குறிவைத்த ஐகான் நகர்ந்துவிடுகிறது. நெக்ஸ்ட்டின் அசையாத கட்டங்களே கைக்கு நம்பகமானவை என்பது என் உறுதியான எண்ணம்.

லினக்ஸில் அந்தக் கட்டங்களை அப்படியே காப்பாற்றியது 1997இல் தொடங்கிய விண்டோ மேக்கர். விண்டோஸ் தனி வழியில் போனது. 1995இல் டாஸ்க்பார், இரண்டு ஆண்டுகள் கழித்துக் குவிக் லாஞ்ச், 2009இல் விண்டோஸ் 7 இரண்டையும் ஒன்றாக்கியது. இன்று மூன்று இயங்குதளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓர வரிசைகள் உடன்பிறந்தவை போலத்தான் தெரிகின்றன.

மூன்றிலும் ஓடும் ஒரே பட்டையை எழுத உட்காரும் நிரலாளருக்குத்தான் அந்த ஒற்றுமை மேல்தோல் மட்டுமே என்று தெரியவரும். வரைவது சுலபம், கியூட்டி போன்ற நூலகம் எங்கும் ஒரே மாதிரி வரைந்து தந்துவிடும். செயலி என்றால் என்ன என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மேக்கில் அது ஒரு ஃபோல்டர்: பெயர், ஐகான், அடையாளச் சரம் எல்லாம் உள்ளேயே இருக்கும். இந்த ஏற்பாடும் நெக்ஸ்ட்டிலிருந்து டாக்கோடு சேர்ந்தே வந்தது. லினக்ஸில் எங்கோ கிடக்கும் நிரலைச் சுட்டும் டெஸ்க்டாப் கோப்பு என்ற சிறு உரைக் கோப்பு. அதில் மொழிவாரியாகப் பெயர் எழுதலாம். தமிழ்ப் பெயர் எழுதியிருந்தால் தமிழில் வைத்த கணினியின் பட்டையில் தமிழிலேயே வரும். விண்டோஸிலோ ஸ்டார்ட் மெனுவில் உள்ள ஷார்ட்கட் கோப்புகளைப் பிரித்துப் படிக்க வேண்டும்.

அதைவிடக் கடினம், திறந்த விண்டோ எந்த ஐகானுக்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பது. மேக்கில் செயலியின் அடையாளச் சரம் கைகொடுக்கிறது. விண்டோஸ் 7 முதல் செயலி தனக்கென ஓர் அடையாளம் சொல்லிக்கொள்ளலாம். லினக்ஸில் விண்டோ தரும் வகைப் பெயரை டெஸ்க்டாப் கோப்போடு பொருத்திப் பார்க்க வேண்டும். செயலியை எழுதியவர் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், நிறுத்தி வைத்த ஐகானுக்குப் பக்கத்தில் அதே செயலிக்கு இன்னொரு ஐகான் முளைக்கும்.

பெரிதாக்கிய விண்டோ பட்டையை மூடாதபடி ஓர இடத்தைப் பிடித்துவைப்பது அடுத்த வேலை. விண்டோஸில் அதற்கு முறையான ஏபிஐ உண்டு. எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் ஓடும் லினக்ஸில் இத்தனை பிக்சல் எனக்கு என்று விண்டோ மேலாளரிடம் சொல்லிவைக்கலாம். டாக்கை உலகறியச் செய்த மேக்கில், வெளியார் எழுதிய பட்டைக்கு அந்த உரிமை இல்லை.

எக்ஸ்11க்கு மாற்றாக வேலண்டு வந்தபின் லினக்ஸிலும் கதவு குறுகிவிட்டது. அங்கே செயலி திரையில் தன் இடத்தைத் தானே தீர்மானிக்க முடியாது, பிற விண்டோக்களையும் பார்க்க முடியாது. பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் பட்டைக்கு இரண்டுமே உயிர். லேயர் ஷெல் என்ற நெறிமுறை ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வழி தருகிறது. லினக்ஸ் டெஸ்க்டாப்களில் கேடீஈ அதை ஏற்கிறது, க்னோம் ஏற்கவில்லை. க்னோமில் டாக் வேண்டுமென்றால் அதன் ஷெல்லுக்குள்ளேயே நீட்சியாக எழுத வேண்டும். 2017இல் தன் யூனிட்டி டெஸ்க்டாப்பைக் கைவிட்டு க்னோமுக்குத் திரும்பிய உபுண்டு லினக்ஸும் தன் இடப்பக்க டாக்கை அப்படித்தான் வைத்துக்கொண்டது.