சுட்ட குறியும் ஹலால் முத்திரையும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியில் இருக்கிறது கரடியனாறு. சுற்றுவட்டாரத்து நெல்லும் பாலும் போலவே இறைச்சி மாடும் இந்த வீதியால்தான் வெளியே போகிறது. மாட்டை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சைவத் தமிழர்கள். வாங்கி அறுத்து விற்பவர்கள் ஏறாவூர், காத்தான்குடி முஸ்லிம்கள். ஹலால் என்றதும் பலருக்குப் பொதியில் அச்சிட்ட முத்திரைதான் நினைவுக்கு வரும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அந்த உணவின் வரலாறு, வேற்று மதத்தவரின் மாட்டுப்பட்டியில் தொடங்குகிறது.

பெரும்போகத்துக்கு வயல் விதைத்துவிட்டால் பட்டியை ஊருக்குள் வைத்திருக்க முடியாது. காட்டோரத்து மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள்; அறுவடை முடிந்த பிறகே மாடுகள் திரும்பும். பலருடைய பட்டிகள் கலந்து மேயும் அந்தக் காட்டில், தோலில் சுட்ட குறிதான் மாடு யாருடையது என்று சொல்லும். வாங்க வருகிற வியாபாரி முதலில் பார்ப்பதும் அதைத்தான். களவெடுத்த மாட்டை வாங்கி அறுப்பதை அவருடைய மார்க்கமும் ஏற்காது, அரசும் ஏற்காது. மாடறுப்போர் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 1893இலேயே வந்துவிட்டது. குறி சுடுதலையும் மாடு கொண்டுசெல்வதையும் அறுப்பையும் ஒழுங்குபடுத்தும் விலங்குகள் சட்டம் 1958இல் வந்தது.

அதற்குப் பிறகுள்ளது மாடறுக்கும் மடுவத்தின் வேலை. உயிருள்ள மாடு, இறைவனின் பெயர், கூரிய கத்தி, இரத்தம் முழுதும் வடியும்வரை பொறுமை. அறுப்பவர் யார் என்பது வாங்குகிற ஊருக்கே தெரியும். அந்த அறிமுகமே சான்றிதழாக இருந்தது.

1990இன் போர்க்கால வன்முறை அந்த அறிமுகத்தை உடைத்தது. ஆகஸ்ட் 11–12 இரவில் ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். தலைமுறைகளாகக் கொடுத்து வாங்கியவர்கள் ஒருவர் ஊருக்கு ஒருவர் போக அஞ்சினார்கள். 2007இல் இராணுவம் கைப்பற்றும்வரை கரடியனாறு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. செங்கலடிக் கறுத்தப் பாலம் அரச, புலிக் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு இடையிலான எல்லையாயிற்று.

ஹலால் சான்றிதழ் இலங்கைக்கு வேறொரு தேவையால் வந்தது. ஜெலட்டின், சுவையூட்டி, பால்மா கலந்த தொழிற்சாலைப் பண்டத்தில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதல்லவா? 1924இல் தோன்றிய அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா அந்தப் பரிசோதனைப் பொறுப்பை ஏற்றது. சிங்கள பௌத்த கடும்போக்கு அமைப்பான பொது பல சேனா எதிர்ப்பைக் கிளப்பியதால், உள்ளூர்ப் பண்டங்களில் முத்திரை கட்டாயமில்லை என்று 2013 மார்ச்சில் உலமா சபை விட்டுக்கொடுத்தது. 2014 முதல் ஹலால் தரச்சான்றுக்கான தனி நிறுவனம் அந்தப் பணியைச் செய்கிறது. உணவைத் தெரிந்து உண்ண விரும்பியவர்களின் உரிமைமீது சுமத்தப்பட்ட அநியாயமான நெருக்கடி அந்த எதிர்ப்பு.

ஹலால் தரவிதிகள் தொழிற்சாலையோடு நிற்கவில்லை. மலேசியா 2010இல் லொறி, களஞ்சியம், கடை ஆகிய மூன்று கட்டங்களுக்கும் ஹலால் தரவிதிகளை வகுத்தது. பயனுள்ள வேலைதான். ஆனால் மாடு புல் மேய்ந்த தரை அந்த மூன்றிலும் இல்லை.

மட்டக்களப்பில் இன்று ஆபத்தில் இருப்பது அந்தத் தரையே. மாவட்டத்தின் மேற்கு எல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் நிலங்களில் வெளியார் பயிர்செய்வதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். மேய்ச்சல் தரை போனால் பட்டிக்காரரின் பிழைப்போடு ஏறாவூர் இறைச்சிக் கடைக்காரரின் பிழைப்பும் போகும். அதை மீட்கும் கோரிக்கையில் இரண்டு சமூகமும் சேர்ந்து நிற்க வேண்டும்.